அண்ணன் சைக்கிளின் ஃபோர்க்

அன்று பஸ் ஸ்டிரைக். தல்லாகுளத்தில் எனக்கு டைப்ரைட்டிங் பரீட்சை. ஒத்தக்கடையில் எங்கள் தெரு தாண்டுமுன்னே பள்ளத்தில் விழுந்து, சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்துவிட்டது. அழுதுகொண்டே உருட்டி வந்தேன்.

வீட்டில் மதினி மட்டும் இருந்தார்.

"உங்க அண்ணனோட பழைய சைக்கிள் சும்மாதானே கிடக்கு? அந்த ஃபோர்க்கக் கழட்டி மாட்டுவோம்" என்றார்.

இருவருக்கும் ஸ்பேனர் பிடித்தே பழக்கமில்லை. எப்படியோ மாட்டிவிட்டோம். ஆனால் அந்த ஃபோர்க்கின் தண்டு சற்று நீளம். மரை தீரும்வரை முறுக்கியும் மேல் நட்டு இறுகவில்லை, ஹேண்டில் ஆடியது.

"இடையில வாஷர் போட்டா இறுகுமா மதினி?"

"போட்டுப் பாரு."

போட்டேன். ஆட்டம் நின்றது.

கிரீஸ் கையோடு மணியடிக்குமுன் போய்ச் சேர்ந்தேன், பாஸும் செய்தேன். வேலை, பதவி உயர்வு எல்லாம் பிறகு வந்தன. நாங்களே ஃபோர்க் மாட்டிய சைக்கிளில் அன்று மேலூர் ரோட்டில் பரீட்சைக்குப் போனபோது இருந்த மிடுக்கு மட்டும் அவை எதிலும் இல்லை.