தறி நின்றும் விழிக்காதவள்

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பால்காரர் ஊற்றும் பாலை விரலால் தொட்டுப் பார்ப்பேன். கடையில் எடை போடும்போது தராசை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். அதனால் வீட்டில் எனக்குப் 'போலீஸ்காரி' என்று பெயர். பெற்ற மகளையே வேவு பார்க்கத் தொடங்கும் வரை அந்தப் பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

பிரசவம் முடிந்து, அம்மா வீட்டிலிருந்து குமாரபாளையத்துக்குக் கைக்குழந்தையோடு வந்தேன். இங்கே வீட்டின் பின்பாதி முழுக்க விசைத்தறி. ஓட ஆரம்பித்தால் சுவரே அதிரும். இந்தச் சத்தத்தில் பிள்ளை எப்படித் தூங்கப் போகிறதோ என்று பயந்துகொண்டேதான் வந்தேன். அவளோ தொட்டிலில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்தியா, தறிக்காரன் ரத்தம்!" என்று வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. அதே வீட்டில் இருந்த அவருடைய அண்ணன் மனைவிக்கும் அப்போது கைக்குழந்தை, பையன். "உம்புள்ள தங்கம் கண்ணு, எம்பையன் ஊரையே கூட்டிருவான்" என்று அக்கா சொல்வார். ஆளாளுக்கு மெச்ச மெச்ச எனக்குச் சந்தேகம்தான் வளர்ந்தது.

காரணம் இருந்தது. பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில், வீட்டுக்கு அனுப்பும் முன் அங்கே வேலை பார்க்கும் ஒருத்தி என் குழந்தையின் காதில் சின்னக் குழாயை வைத்து, கேட்கிறதா என்று பார்த்தாள். "சரியாப் பதியலைங்க. பொறந்த கொளந்தை காதுல தண்ணி இருந்தாலும் இப்படிக் காட்டுமுங்க. எதுக்கும் மறுக்காக் கூட்டியாந்து காட்டிருங்க" என்றாள். தண்ணி என்ற பேச்சை வீட்டார் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன்.

வேவு தொடங்கியது. அவள் முதுகுப் பக்கம் நின்று கை தட்டுவேன். சில சமயம் திரும்புவாள். சத்தத்துக்குத் திரும்பினாளா, என் நிழலைப் பார்த்துத் திரும்பினாளா? முகத்துக்கு நேரே பேசினால் வாயையே உற்றுப் பார்த்துப் பொக்கை வாயால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. தறிப்பட்டறையில் எல்லோரும் வாயசைவை வைத்துத்தான் பேசிக்கொள்கிறார்கள். இவளும் அதைத்தான் செய்கிறாளோ என்று தோன்றியது.

வீட்டுக்காரரிடம் சொன்னால் எரிந்து விழுந்தார். "ஏம்புள்ள, நல்லா இருக்கற கொளந்தைக்கு நீயே நோவு தேடறியா? அங்க போனா ஒரு மிசினைத் தலையில கட்டி உட்ருவாங்க."

ஒரு நாள் பேச்சுவாக்கில் அக்கா சொன்னார்: "தறி ஓடறவரைக்கும் எம்பையன் தூங்குவான். மொத்தமா நின்னாப் போதும், வீல்னு எந்திரிச்சுக்குவான். தறிக்கார ஊட்டுப் புள்ளைங்க எல்லாம் அப்படித்தான்." என் மகளையும் அப்படிச் சோதித்துப் பார்த்துவிட நினைத்தேன். எங்கள் தறி நின்றாலும் பக்கத்து வீட்டுத் தறி ஓடும். தெருவே ஓய வேண்டுமானால் கரண்ட் போக வேண்டும்.

பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. அன்று பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுத் தொட்டில் பக்கத்திலேயே நின்றேன். கரண்ட் போனால் டீக்கடைக்குப் போகிற என் வீட்டுக்காரர், அது போவதற்கு முன்பே கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். என்னைக் கேலி செய்யத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"டீ குடிக்கப் போகலைங்களா?"

"போறேன் போறேன்" என்றார். போகவில்லை.

தறிகள் நின்றன. தெருவே கப்சிப். பக்கத்து அறையில் அக்காவின் பையன் வீறிட்டு அழுதான். என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் தொட்டிலுக்கு மேல் குனிந்து கை தட்டினார். இன்னும் பலமாகத் தட்டினார். "சாமி! சாமி!" என்று அவளைக் கத்திக் கூப்பிட்டார். அவள் இமைகூட அசையவில்லை. என் சந்தேகம் பொய்யாகி, அவர் ஆயுசுக்கும் என்னைக் கேலி செய்திருந்தால்கூட நான் சந்தோஷமாக இருந்திருப்பேன்.

"நானும் கொஞ்ச நாளாப் பாத்துட்டுத்தான் புள்ள இருக்கறேன்" என்றார் மெதுவாக.

"அப்பறம் ஏனுங்க என்னைய வஞ்சீங்க?"

"ரெண்டு பேரும் சொன்னா நெசமாயிருமேன்னுதான்."

அவரை அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. அடுத்த நாளே சேலத்துக்குப் போனோம். தூங்குகிற குழந்தையின் தலையில் ஒயர்களை ஒட்டிப் பரிசோதித்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு, இப்போதே காதுக் கருவி போட்டுப் பயிற்சி கொடுத்தால் பேச்சு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டரம்மா. "உங்க மிசினு தப்பாக் காட்டியிருந்தா?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வேற இடத்துலயும் பாருங்கம்மா. ஆனா தள்ளிப் போடாதீங்க" என்றார். வேறு இடத்திலும் பார்த்தோம். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்.

கருவி மாட்டிய அன்று அவள் அப்பாவின் மடியில், ஒரு பொம்மையை வெறித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள். நான் முன்னால் போகவில்லை. நிழல் விழாத இடமாகப் பார்த்து, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். கையை அசைக்காமல், "கண்ணு" என்றேன்.

பொம்மையை விட்டு அவள் கண் நகர்ந்தது. உதடு பிதுங்கியது. வீலென்று அழுதாள்.

இந்த ஒன்றை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. என் குரலைக் கேட்டுத்தான் என் மகள் பயந்தாள். "போதும் புள்ள, அளுவறா" என்றார் அவர், தானும் அழுதுகொண்டே. நான் நிறுத்தவில்லை. அவள் அழ அழ, கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.