டேங்க் மேல் விரித்த வாழையிலை

இது நடந்தது. போன ஜூன் மாதம், திருவண்ணாமலையில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் அனுபவித்தது எல்லாம் உச்சி வெயிலில். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அந்த ஊரை ஒட்டியிருக்கும் வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்திருந்தேன். மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதால் மனைவி வினோதினி ஆரணியில் இருந்தாள். நாலு வயது மகள் கவிநிலா என்னிடம். நானே பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பன்னிரண்டரைக்கு விட்டுவிடுவார்கள். கூட்டிவர ஒரு பழைய பைக் வாங்கினேன். நம் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு எங்கே இடம் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால், பெட்ரோல் டேங்க் மேல்.

முதல் நாளே அழுதாள். "சுடுதுப்பா." தொடை இரண்டும் சிவந்திருந்தன. பெற்றவனுக்கு அறிவு வேண்டாமா என்று என்னையே திட்டிக்கொண்டு, மாலையில் மெக்கானிக் வேடியப்பனிடம் போனேன்.

அவர் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தார்.

"இதுக்கு அடியில ஒரு ஷீட்டு ஒட்டியிருக்கும் சார். இன்ஜின் சூடு மேல ஏறாது. பெயிண்ட் அடிச்சவன் சொரண்டிப் போட்டுட்டான். திரும்ப ஒட்டல."

வெள்ளிக் காகிதம் போலப் பளபளத்த ஒரு ஷீட்டை அளந்து வெட்டி ஒட்டினார். ஒட்டும் முன் நான் பார்த்தேன். சிவப்பு பெயிண்டுக்கு அடியில் தகரம் கன்னங்கரேல் என்று இருந்தது.

"என்னங்க இது, கரி மாதிரி?"

"பழசு சார்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வெயில்ல நிறுத்தினா ஈரத்துணி போட்டு வைங்க."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. 12.20-க்கு அலுவலகத்தை விட்டு இறங்கினேன். நான் துணி போட மறந்திருந்தேன். ஆனால் டேங்க் மேல் ஒரு ஈரத்துண்டு நான்காக மடித்து விரித்திருந்தது. அதன் அடியில் ஒரு குருத்து வாழையிலை. யாரோ புண்ணியவான் என்று நினைத்தேன். வாட்ச்மேனைக் கேட்டேன். யாரும் கிட்டே வரவில்லை என்றார்.

துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் ஈரம் ஐந்து நிமிடம் தாங்காது. இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்குப் பிள்ளையை அதன் மேலேயே உட்கார வைத்தேன்.

"ஜில்லுனு இருக்குதுப்பா," என்று சிரித்தாள்.

புதன்கிழமையும் துண்டு இருந்தது. புது இலை.

வியாழக்கிழமை. பைபாஸ் சாலை. மணி 12.40. முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. கவிநிலா கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து என் வயிற்றில் ஒட்டிக்கொண்டாள்.

"ஏன்டா செல்லம் நகர்ற?"

"தள்ளி உக்காரச் சொல்றாங்க."

"யாரு?"

"அந்த அம்மா. அவங்க பாப்பாக்கு எடம் வேணுமாம்."

குனிந்து பார்த்தேன். அவளுக்கு முன்னால் ஒரு சாண் இடம் காலியாக இருந்தது.

அந்த இடத்தில் மட்டும்… துண்டு அழுந்தியிருந்தது.

சொட்… ஸ்ஸ்ஸ்…

துண்டுத் தண்ணீர் இன்ஜினில் விழுகிறது என்று நினைத்தேன்.

சொட்… ஸ்ஸ்ஸ்…

வாடை வந்தது.

பெட்ரோல்.

வண்டியை நிறுத்தி ஸ்டாண்டைத் தட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இருபது அடி. திரும்பிப் பார்த்தேன். டேங்குக்குக் கீழே டியூப் வெடித்து, கொதிக்கும் இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. தீப்பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று இன்றுவரை தெரியாது. சொட்டுவது நின்ற பிறகு கிட்டே போனேன். துண்டு அப்பளம் போலக் காய்ந்திருந்தது. இலை கருகியிருந்தது. மணி 12.52.

போன் செய்ததும் வேடியப்பன் வந்தார். இலையைப் பார்த்ததும் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னுது சார். டேங்கக் கழட்டினப்பவே சொல்லியிருக்கணும். ரெண்டு வருசம் முன்னாடி இதே வண்டி, இதே டியூப்பு. முன்னாடி உக்காந்திருந்த கொழந்தைக்குத் தீப்புடிச்சிடுச்சு. ஆஸ்பத்திரில வாழையிலை மேல படுக்க வச்சி, ஈரத்துணி போட்டிருந்தாங்க. மூணு நாள்தான் இருந்துச்சு."

"அதோட அம்மா?"

"அதே வாரம் கெணத்துல…"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவள் மேல் பயத்தைவிட நன்றிதான் அதிகம் வந்தது. தன் பிள்ளைக்கு வந்தது என் பிள்ளைக்கு வரக்கூடாது என்றுதானே செய்திருக்கிறாள்? அன்று மாலை கோயிலுக்குப் போய், பேர் தெரியாத அந்தத் தாய்க்காக ஒரு விளக்குப் போட்டேன். வண்டியை வேடியப்பனிடமே விட்டுவிட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, பிள்ளையை ஆட்டோவில் கூட்டிப்போய் ஆட்டோவில் கூட்டிவந்தேன். வேலை இருந்ததால் மதியம் போய்ச்சேர ஒரு மணி ஆகிவிட்டது. அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வினோதினி ஆரணியிலிருந்து வந்தாள். திங்கட்கிழமை காலை மூவரும் பள்ளிக்குப் போனோம். வாசலில் ஆயா பாஞ்சாலை நின்றிருந்தார். வினோதினியை மேலும் கீழும் பார்த்தார்.

"இவங்க யாரு சார்?"

"பாப்பாவோட அம்மா. ஊர்லேர்ந்து நேத்துதான் வந்தாங்க."

ஆயாவின் முகம் மாறியது.

"அப்போ வெள்ளிக்கெழம வந்தவங்க? பன்னெண்டு நாப்பது இருக்கும். பொடவ பூரா ஈரம். வெயில் ஜாஸ்தியாயிடும், பாப்பாவ அனுப்புங்கனு கேட்டாங்க. அப்பா வந்தாதான் அனுப்புவோம்னு சொல்லிட்டேன். சரி, இன்னொரு நாள் வரேன்னு போயிட்டாங்க."

வினோதினி என் கையைப் பிடித்தாள்.

"முன்னபின்ன தெரியாதவங்கள உள்ள விடுவீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படி சார் சந்தேகம் வரும்?" என்றார் ஆயா. "பாப்பா அவங்களப் பாத்ததும் அம்மானு கூப்பிட்டுத்தான் ஓடிச்சு."