பிலோமினா தோற்ற ஆட்டம்

கொட்டாஞ்சேனையில் நடந்த நினைவுக் கூட்டத்தில் மூன்று பேர் பேசினார்கள். பிலோமினா தன் பாடசாலை வலைப்பந்தாட்ட அணிக்குத் தலைமை தாங்கி, எங்கள் வெள்ளவத்தை அணியைத் தோற்கடித்தாள் என்று மூவரும் சொன்னார்கள். ஒருவர் "மாபெரும் வெற்றி" என்றே சொன்னார். அது பிழை. அந்த ஆட்டத்தில் எங்கள் பக்கத்துக்குப் பந்தை வளையத்தில் போட்டவள் நான். நாங்கள்தான் வென்றோம். எங்கள் புள்ளிகள் இரட்டை இலக்கத்தில் இருந்தன. அவர்களுடையவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கின.

நான் உங்கள் பாடசாலைப் பிள்ளை அல்ல. உங்கள் பழைய மாணவிகள் சங்க மலரில் எழுத எனக்கு இடம் தந்ததற்கு நன்றி. எண்பதைத் தாண்டியும் தன் பழைய வெற்றியை விட்டுக்கொடுக்க மனமில்லாத கிழவி என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். சிரியுங்கள். என் வெற்றி எனக்குப் பெரிதல்ல. அவளுடைய தோல்வியை யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

செய்தி காலையில் வந்தது. அன்று பின்னேரம் அவளைப் பார்க்கப் போவதற்காகச் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய மருமகள் ஷாமினிதான் தொலைபேசி எடுத்தாள்.

"அன்ரி, மாமி போயிட்டா."

"எப்ப?"

"விடிய. நித்திரையிலயே."

பாதிச் சேலை மிச்சம் இருந்தது. அதையும் போட்டு முடித்து, மடித்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அந்தச் சேலையைத்தான் அவளுடைய அடக்கப் பூசைக்கும் உடுத்திக்கொண்டு போனேன்.

"அவர்" என்று எழுதுவதுதான் மரியாதை. இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன். வேறு யாரோ செத்துப்போனதுபோல் இருந்தது. ஆகையால் அவள் என்றே எழுதுகிறேன்.

வலைப்பந்தில் பந்து எறிபவளுக்கு மூன்று அடி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி அவளை மறிக்கலாம். அந்த வேலைக்கு உயரமான பிள்ளையைத்தான் நிறுத்துவார்கள். அந்த முறை உங்கள் அணியின் உயரமான பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளித்துவிட்டது. தலைவியாக இருந்த பிலோமினா அந்த இடத்தில் தானே வந்து நின்றாள். அவளுடைய உச்சந்தலை என் தோளுக்குக்கூட வரவில்லை. எங்கள் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒவ்வொரு பந்துக்கும் அவள் துள்ளினாள். பந்து அவளுடைய கைகளுக்கு மேலால் போய் வளையத்துக்குள் விழுந்தது. அடுத்த பந்துக்கும் அதே உயரத்துக்குத் துள்ளினாள். கடைசிக் கால்பகுதியில் அவளுடைய அணிப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். இவள் மட்டும் நிற்கவில்லை. எனக்கே அலுத்துப்போய்க் கேட்டேன்.

"ஏன் இப்பிடித் துள்ளுறீர்? முடிஞ்ச விளையாட்டுத்தானே."

"விசில் ஊதல்லதானே," என்றாள். மூச்சு வாங்கியதே தவிரக் குரலில் கோபம் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணி வென்ற அணியை வாழ்த்தி மூன்று தரம் கூவுவது அக்காலக் கொன்வென்ற் வழக்கம். பெரும்பாலும் அது செத்த வீட்டுக் குரலில்தான் வரும். பிலோமினா கூவிய கூவலில் பக்கத்து மாதா கோயில் முகட்டுப் புறாக்கள் எழும்பின. பிறகு நேரே என்னிடம் வந்தாள்.

"கடைசிக்கு முந்தின பந்து என்ட விரல்ல பட்டிச்சு. கவனிச்சீங்களா?"

"ஓம், பட்டது. ஆனா கோல் விழுந்ததே."

"விழட்டுமே. பட்டிச்சா இல்லயா?"

"பட்டது."

அவளுடைய முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிண்ணம் எங்கள் கையில் இருந்தது. அப்படி ஒரு முகம் எங்களில் ஒருத்திக்கும் இருக்கவில்லை.

பிறகு பல வருடங்கள் அவளை நான் காணவில்லை. எனக்குக் கலியாணமாகி, இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தைச் சந்தையில் மீன் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கட்டைப் பெண் வந்து, என் வழியை மறித்து, இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்றாள். ஒரு கையில் மீன் பை. அதிலிருந்து தண்ணீர் அவளுடைய முழங்கை வழியாக ஒழுகியது.

"இப்ப போடுங்க பாப்பம்," என்றாள்.

மீன்காரர் சிங்களத்தில் என்னவோ சொல்லிச் சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பிலோமினா, கையை இறக்கும். ஆக்கள் பாக்கினம்," என்றேன். பெயர் தானாக வாயில் வந்தது. கலியாணம் முடித்து அடுத்த ஒழுங்கைக்குக் குடிவந்திருந்தாள். அன்றிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் விடவில்லை. பழகிய பிறகு கடைசிவரை அவள் என்னை நீ என்றாள். நான் அவளை நீர் என்றேன். "உன்ட தமிழுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரியும் போட்டிருக்கு," என்று பகிடி பண்ணுவாள்.

அவள் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தாள். பதவி உயர்வுக்குச் சிங்களப் பரீட்சை சித்தியடைய வேண்டும். கொட்டாஞ்சேனைத் தெருவில் பழகிய சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துச் சிங்களம் வேறு. பரீட்சை எழுதினாள், தவறினாள். மறுபடியும் எழுதினாள்.

"என்ன, திருப்பியும் பெயிலோ?" என்று கேட்டேன் ஒருநாள். நான் இரக்கப்பட்டுக் கேட்கிற ஆள் அல்ல என்பது அவளுக்குத் தெரியும்.

"பெயில்தான். ஆனா இந்த முறை பேப்பர் முழுக்க எழுதினன். ஒரு கேள்வியும் விடல்ல."

சித்தியடையாமலே ஓய்வு பெற்றாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த இலக்கணப் புத்தகத்தை மூடவில்லை. "இனி என்னத்துக்கு?" என்று கேட்டேன். "பாதியில விட்டா அரிக்கும்," என்றாள். சந்தையில் மரக்கறி விற்கிறவர் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அவ்வளவு சுத்தமான சிங்களத்தில் கத்தரிக்காய் கேட்டவர் வேறு யாருமில்லை.

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து களுபோவில ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வலக் கை முற்றாக விழுந்துவிட்டது. அந்தக் கை இனி வராது என்று வைத்தியர் தன்மையாகத்தான் சொன்னார். நான் அதை ஏற்றுக்கொண்டேன். முடிந்ததை முடிந்ததென்று எடுத்துக்கொள்ளும்படி வளர்க்கப்பட்டவள் நான். பிலோமினா ஏற்கவில்லை. பஸ் ஏறி வருவாள். கட்டிலுக்கு முன்னால் மூன்று அடி தள்ளி நிற்பாள். இரண்டு கைகளையும் நீட்டுவாள்.

"அண்ணன், என்ட கையத் தொடுங்க பாப்பம். கோல் ஷூட்டரக் கட்டின மனிசன், இவ்வளவுதானா?"

அவர் ஒரு பக்க வாயால் சிரிப்பார். தோளை அசைக்கப் பார்ப்பார். வியர்க்கும். கை வராது. அவள் இன்னும் கொஞ்சம் கிட்ட வருவாள். நாள்தோறும் இதே கூத்து. பக்கத்துக் கட்டில்காரர்களும் எழும்பி உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். தாதிமார்கூட வாசலில் நின்றார்கள்.

ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரம் முடியப் போகும்போது, அவருடைய நடுவிரல் போர்வையிலிருந்து எழும்பி அவளுடைய உள்ளங்கையைத் தொட்டது. தொட்டதும் விழுந்தது. பிலோமினா விரல் பட்ட தன் கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

அவர் வீடு திரும்பவில்லை. செத்த வீட்டில் என் மைத்துனி, "பாவம், அவ்வளவு பாடுபட்டும் ஒண்டும் நடக்கேல்ல," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு வந்த பிலோமினா தட்டத்தைக் கீழே வைத்தாள்.

"ஏன் நடக்கல்ல? அண்ணன்ட விரல் என்ட கையில பட்டிச்சு. மகேஸ், நீ பாத்தியா இல்லயா?"

"ஓம்," என்றேன். "பாத்தனான்."

அன்று முழுவதும் நான் வாய் திறந்து சொன்னது அவ்வளவுதான். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. என்னை மறைத்துக்கொண்டு அவள் முன்னால் நின்றாள்.

அதன் பிறகு பின்னேரங்களில் கடலோர வீதியில் நடப்போம். புகையிரத நிலையம்வரை போய்த் திரும்புவது வழக்கம். அவளுக்கு நெஞ்சு வருத்தம் வந்தபின் பாதி வழியில் நின்றுவிடுவாள். அடுத்த நாளும் புகையிரத நிலையத்துக்கென்றே புறப்படுவாள். "கிட்டத்தில ஒரு இடத்தச் சொல்லிட்டுப் போகலாமே," என்றால் முறைப்பாள்.

கடைசியாக அவளைப் பார்த்தது, செய்தி வருவதற்கு முதல்நாள். கதிரையில் சாய்ந்திருந்தாள். கைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்படி சொல்லியிருந்தார்கள். ஷாமினி ஒரு சோடிக் காலுறையை உருட்டிப் பந்தாக்கிக் கொடுத்திருந்தாள்.

"மகேஸ், அங்க நில்லு. மூணு அடி. கையத் தூக்கு."

"இந்த வயதிலயா? எனக்குத் தோள் ஏலாது."

"தூக்கு."

தூக்கினேன். ஷாமினி சிரித்தாள். பிலோமினா எறிந்தாள். பந்து அவளுடைய மடியிலேயே விழுந்தது. மறுபடியும் எறிந்தாள். முழங்கால்வரை வந்தது. என் தோள் எரிந்தது. கையைக் கொஞ்சம் இறக்கினேன்.

"இறக்காத. விசில் ஊதல்லதானே."

இறக்கவில்லை. அவள் எறிந்துகொண்டே இருந்தாள். ஒன்றும் என்னை எட்டவில்லை. ஒவ்வொன்றையும் முதல் பந்தைப்போலவே குறி பார்த்து எறிந்தாள். களைத்துக் கண்ணை மூடியபிறகுதான் நான் கையை இறக்கினேன்.

மறுநாள் செய்தி வந்தபோதும் என் தோள் நொந்துகொண்டிருந்தது. பூசையிலும் நொந்தது. சவக்காலையில் மண் போடும்போதும் நொந்தது. பிறகு ஒரு காலை எழும்பினேன், நோ இல்லை. தோளை அமத்திப் பார்த்தேன். எங்கும் இல்லை. அன்று நான் அழுததுபோல் அவளுடைய அடக்கத்தன்றும் அழவில்லை.

இனி உங்கள் கிண்ணத்தின் விஷயம். ஆண்டுதோறும் நம் இரு பாடசாலைப் பிள்ளைகளும் ஆடும் ஆட்டத்தில் வெல்லும் அணிக்குப் பிலோமினாவின் பெயரில் ஒரு கிண்ணம் கொடுக்கப்போவதாகவும், அதில் "வெற்றித் தலைவி" என்று பொறிக்கப்போவதாகவும் உங்கள் செயலாளர் தொலைபேசியில் சொன்னார். அப்படிச் செய்யக் கூடாது என்றேன்.

"வெல்லுற டீமுக்குத்தானே அன்ரி கப் குடுக்கிறது?"

"அவைக்கு ஏற்கெனவே ஒண்டு இருக்கு, பிள்ளை. இதைத் தோக்கிற பக்கத்தில, விசில் ஊதும்வரைக்கும் துள்ளுற பிள்ளைக்குக் குடுங்கோ."

"தோத்த ஆக்களுக்குக் கப் குடுத்தா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிப்பினம். நானும் சிரிச்சனான்."

"சரி அன்ரி, பாப்பம்," என்றார். பாப்பம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

அவளுடைய உடைமைகளில் ஏதாவது வேண்டுமா என்று ஷாமினி கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். நான் வைத்திருப்பது எனக்கு முன்னால் உள்ள அந்த மூன்று அடி. சந்தையில், கடலோரத்தில், என் வீட்டுக் கூடத்தில், அந்த இடம் என்னோடு வருகிறது. அங்கே இரண்டு கைகள் உயர்ந்து நிற்க வேண்டும். இப்போது எல்லாம் தடையில்லாமல் தெரிகிறது. அந்தத் தடைக்காக எதையும் கொடுப்பேன்.

கிண்ணத்தில் எழுத்து வெட்டுவதற்கு முன் உங்கள் முடிவை எனக்குத் தெரியப்படுத்துங்கள். தொலைபேசி வேண்டாம். ஆம் அல்லது இல்லை என்று எழுதி, கையொப்பமிட்டு அனுப்புங்கள்.