பாலனுக்குச் சமாதி இல்லை

இல்லை. முதல் வருடங்களில் அவரை யாரும் குரு என்று அழைக்கவில்லை. பின்னால் நம் சங்கத்தில் சேர்ந்த உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் அவர் வெறும் பாலன்.

செவ்வாய்க்கிழமை காலை கிள்ளானிலிருந்து அவருடைய அக்கா தொலைபேசியில் அழைத்தார். "பாலன் போயிட்டாம்மா. நெஞ்சுவலி. சீக்கிரம் வா, அந்த ஆளுங்க வந்து நிக்கிறாங்க."

அந்த ஆளுங்க என்பது நாம்தான்.

எழுபதுகளின் கடைசியில், லண்டனில் உளவியல் படித்து, முடியும் தாடியுமாகத் திரும்பியவர் பாலன். அங்கே இளைஞர்கள் கூடிச் செய்ததை இங்கே செய்து பார்த்தார். வட்டமாக உட்காருவோம். நடுவில் ஒரு தலையணை. யார் மீது கோபமோ அவராக அதை நினைத்துப் பேசலாம், அடிக்கலாம்.

சுங்கை வேயில் குடியிருந்து, அங்கே தொழிற்சாலையில் வேலை செய்த மாரியாயி அக்கா ஒருநாள் அடித்தார். இறந்துபோன கணவரைத் திட்டினார். உடல் நடுங்கியது, கூந்தல் அவிழ்ந்தது. ரப்பர் தோட்டத்துத் திருவிழாக்களில் சாமியாட்டம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பக்கத்திலிருந்தவர் எழுந்து கும்பிட்டார். "தாயே, என் மவனுக்கு எப்ப வேலை கெடைக்கும்?"

"சாமி இல்ல லா, அண்ணே. அழுகை. விடுங்க, அழட்டும்" என்றார் பாலன்.

அடுத்த வாரம் எலுமிச்சம்பழமும் திருநீறும் வந்தன. பிறகு பஜனை. பிறகு சுவரில் அவர் படம். கழற்றி வைப்பார். மறுவாரம் மாலையோடு தொங்கும்.

"நிறுத்திடுங்களேன்" என்றேன்.

"நிறுத்தினா அந்தக்கா எங்க போயி அழும்?"

கிள்ளான் வீட்டில் நம் சங்கச் செயலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஞானிங்கள எரிக்கக் கூடாதுக்கா. உக்கார வச்சு அடக்கம் பண்ணணும். மேல கோயில் கட்டணும்."

"ஞானியா? போன வாரம் கருவாட்டுக் கொழம்பு கேட்டு வாங்கித் தின்னான் லா. அவன் என் தம்பி. அப்பாவ எரிச்ச எடத்துலதான் எரிப்பேன்." என் பக்கம் திரும்பினார். "நீ முதல்லேருந்து இருக்க. நீ சொல்லும்மா."

கூட்டத்தில் நின்ற மாரியாயி அக்கா என்னையே பார்த்தார். போய் உட்கார அவருக்கு ஒரு சமாதி வேண்டும்.

"எரிக்கலாம்" என்றேன். "தான் சாமி இல்லன்னுதானே சொல்லிக்கிட்டே இருந்தாரு."

மாரியாயி அக்கா தகனத்துக்கு நிற்காமல் போய்விட்டார்.

பாலனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு பதிலை. "அவரு என்னை மன்னிப்பாரா?" என்று தன் கணவரைப் பற்றி மாரியாயி அக்கா ஒருமுறை கேட்டார். அறையே அருள்வாக்குக்குக் காத்திருந்தது. "எனக்குத் தெரியாதுக்கா" என்றார் பாலன். "ஆனா நீங்க கெளம்புற வரைக்கும் இங்கயே இருக்கேன்."

தகனம் முடிந்த மாலை சுங்கை வேக்குப் பேருந்து ஏறினேன். மாரியாயி அக்காவின் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. வாசலில் உட்கார்ந்தேன்.