மழைக்குத் தாங்குமா பால் கவர் ரோடு?

பாலிதீன் குப்பையைப் பொறுக்கி, மெஷினில் வெட்டித் துகளாக்கி, தார் ரோடு போடக் கொடுப்பது எங்கள் மகளிர் குழுவின் தொழில்; கேட்பவர்கள் முதலில் மூக்கைப் பிடிப்பார்கள், அப்புறம்தான் விவரம் கேட்பார்கள்.

பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்கு ஓடுகிற உங்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தபோது, நான் கிளம்பும்போதும் மகள் தூங்குவாள், திரும்பும்போதும் தூங்குவாள். இங்கே மெஷின் ஷெட் வாசலில், என் கண் முன்னாலேயே விளையாடினாள். ஆனால் எங்களுக்கு மெஷின் கொடுத்த யூனியன் ஆபீஸ் இன்ஜினியர் சார் முதலிலேயே சொல்லிவிட்டார்: எங்கள் ஊருக்குப் போடுகிற முதல் ரோடு மழைக்குத் தாங்கவில்லையென்றால், மெஷின் வேறு ஊருக்குப் போய்விடும்.

பால் கவர் வேட்டை

வீடு வீடாகப் போய் பால் கவர் கேட்டோம். நாலு நாள் சேர்த்து வைத்ததைக் கட்டிக் கொடுப்பார்கள். பிரித்தால் தயிர் நாற்றம் குடலைப் பிடுங்கும். "கொஞ்சம் அலசிக் கொடுங்கக்கா" என்று எங்கள் தெரு சரோஜாக்காவிடம் கெஞ்சினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"அலசறதுக்கு நீயே உள்ள வாடி. அப்படியே ரெண்டு பாத்திரமும் கெடக்குது."

சந்தையில் கிடைத்த மரியாதை

குந்தாரப்பள்ளிச் சந்தை கலைந்த பிறகு சாக்கோடு போவோம். பை, கவர் எல்லாம் காற்றில் பறந்துகொண்டிருக்கும். ஒரு நாள் நான் எடுக்கப்போன பையை ஒரு பசுமாடு முந்திக்கொண்டு கவ்விவிட்டது. அது இழுக்க, நான் இழுக்க, சுற்றி நின்றவர்கள் சிரிக்க, பாதிப் பைதான் என் கைக்கு வந்தது. மாட்டுக்காரர் திட்டுவாரென்று பயந்தேன். அவரோ தலைத்துண்டை அவிழ்த்து, கும்பிடாத குறையாகச் சொன்னார்:

"விடாத இழு தாயி, போன வருசம் ஒரு மாடு இதத் தின்னுதான் செத்துச்சு."

களி கிண்டிய மேஸ்திரி

ரோடு போடும் நாள் வந்தது. சூடான ஜல்லியின் மேல் துகளைத் தூவினால் அது உருகி ஜல்லியோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு அப்புறம்தான் தார் ஊற்ற வேண்டும். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள், அஞ்செட்டியிலிருந்து வந்த மேஸ்திரி ஒரு துகள் மூட்டையைப் பிரித்து, கொதிக்கிற தாரிலேயே கொட்டிவிட்டார். கட்டி கட்டியாகத் திரண்டு, கிண்டுகிற கழியே அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, அது ரோட்டுக்குப் போகுமுன் இன்ஜினியர் சார் தடுத்துக் குழியில் கொட்டச் சொன்னார். மேஸ்திரி தலையைச் சொறிந்தார்:

"தண்ணி கொதிச்சா மாவக் கொட்டித்தானுங்க எங்கூர்ல களி கிண்டுவோம்?"

மழைக்கு மறுநாள்

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் அடித்தது. விடிந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எப்போதும் குழி விழுகிற பாலத்து வளைவில் இன்ஜினியர் சார் எனக்கு முன்னாலேயே நின்றிருந்தார். குடை முனையால் ஓரத்தைக் குத்தினார். பெயரவில்லை. செருப்புக் காலால் ஓங்கி மிதித்தார். ஒரு ஜல்லிகூட நகரவில்லை. இடுப்பிலிருந்த மகள் எப்போது இறங்கினாளென்றே எனக்குத் தெரியாது. சார் குடையை மடக்கிக்கொண்டு சொன்னார்:

"மெஷின் இங்கயே இருக்கட்டும்மா. மொதல்ல கொழந்தையத் தூக்குங்க, நடு ரோட்டுல உக்காந்திருக்கு, லாரி வருது."

இப்போதும் மழை பிடித்தால் ஊரே கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறது, நான் மட்டும் ரோட்டைப் பார்க்க ஓடுகிறேன்.