தங்கபாய் மோந்து பார்த்தால் தெரியும்

கட்டைவிரலால் மோதிரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோகிறார் தங்கபாய். "பித்தளைன்னா கை நாறும். தங்கத்துக்கு வாசமே கிடையாது." கண்ணை மூடி ஒரு இழுப்பு. முகம் சுருங்குகிறது. வற்றிய கண்மாய்க்குள் மண்வெட்டியோடு நிற்கும் கணவர் ஜெபக்குமாருக்கு அந்த முகமே போதும். "வா, காப்பி குடிப்போம்" என்று வண்டியைப் பார்த்து நடந்துவிடுகிறார்.

இராஜபாளையத்தில் காலையில் நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கபாய் மெட்டல் டிடெக்டரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பேண்டேஜ் கம்பெனியில், பொட்டலத்துக்குள் ஒடிந்த ஊசி ஏதும் கிடக்கிறதா என்று பார்க்கும் மெஷினில் இருந்தவர். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும், அந்தக் 'கீங்' சத்தம் கேட்காமல் சோறு இறங்கவில்லையாம். ஆன்லைனில் ஒன்றை வரவழைத்துவிட்டார். "கண்மாய் வத்துனா இவளுக்குத் தீவாளி. வெள்ளாமை வைக்கிற சம்சாரிக யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்பார் ஜெபக்குமார்.

சோடா மூடி, போல்ட்டு, சாவி வளையம் என்று தினமும் ஏதாவது கிடைக்கும். மோதிரம் என்றால் மட்டும் விசாரணை. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று வைத்திருக்கிறார். ஒட்டினால் தூக்கி எறிவார். ஒட்டாவிட்டாலும் துள்ளமாட்டார். "பித்தளையுந்தான் ஒட்டாது. அதுக்குன்னு அதுல தாலி செய்யவா?" பிறகு தரை டைல்ஸின் சொரசொரத்த அடிப்பக்கத்தில் ஒரு கோடு இழுப்பார். கறுப்பாக விழுந்தால் கதை முடிந்தது. "மண்ணுல இருந்து வரும்போதே பாதி தெரிஞ்சுரும். பித்தளை பச்சை புடிச்சு வரும், வெள்ளி கறுத்து வரும். தங்கம் எம்புட்டு வருசம் கெடந்தாலும் நேத்து விழுந்த மாதிரி வரும்."

தீர்ப்பை வாய்க்குள் வைத்துக்கொள்ளத்தான் அவருக்குத் தெரியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரியின் கையைப் பிடித்து, "அடிப்பக்கம் பாலிஷ் போகுது பாரு, கவரிங்தான?" என்று சாம்பார் ஊற்றுபவருக்கும் கேட்கும்படி சொல்வார். இவரைக் கண்டதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்ளும் பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

போன வைகாசியில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாயில், படித்துறைக்குக் கீழே, சேற்றுக்குள்ளிருந்து சின்ன மோதிரம் ஒன்று பளிச்சென்று வந்தது. வாசமில்லை. காந்தம் அதைக் கண்டுகொள்ளவில்லை. டைல்ஸில் மஞ்சள் கோடு. உட்புறத்தைத் துடைத்தால் 916 முத்திரை. தங்கபாய் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏங்க, அசலுங்க!"

கரையில் இருந்த டீக்கடையில் சொல்லிவைத்தார்: மோதிரம் ஒன்று கிடந்தது, அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். வந்தவர்கள் அத்தனை பேரும் தங்க மோதிரத்தைத்தான் தொலைத்திருந்தார்கள். ஒருவர் தன் பாட்டனாருடையது என்றார். "ஒங்க பாட்டன் காலத்துல ஏதுய்யா 916?" இன்னொருவருக்குச் சுண்டுவிரலிலேயே ஏறவில்லை. பொங்கலப்போ ஒல்லியாக இருந்தாராம்.

ஒரு நாள் இருளம்மாள் வந்தாள். மகாராஜபுரத்துக்காரி, புருஷன் பட்டாளத்தில். நானும் அப்போது தங்கபாய் வீட்டில்தான் இருந்தேன்.

"அக்கா வீட்டுக்கு வந்தப்ப துணி தொவைக்கையில நழுவிருச்சு அத்த. லூசா இருக்கும். மேல ரெண்டு இலை சேந்தாப்புல இருக்கும். தங்கமெல்லாம் இல்ல, கவரிங்தான்."

"கவரிங்குக்கா பஸ் ஏறி வந்த?"

"அவிய லீவுல வந்தப்ப அவியளே பாத்து வாங்குனது, அத்த."

இரண்டு இலையும் சரியாக இருந்தன. மோதிரம் கைக்கு வந்ததும் இருளம்மாள் அதை விரலில் போட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். தங்கபாயின் உதடு துடித்தது. ஜெபக்குமார் இருமினார். இன்னும் பலமாக இருமினார். பலிக்கவில்லை.

"ஏட்டி, இது அசல் தங்கம்டி!"

இருளம்மாள் நம்பவில்லை. முத்திரையைக் காட்டிய பிறகுதான் சிரிப்பு நின்றது.

"அப்ப அவிய ஏன் கவரிங்னு சொன்னாவ?"

"அசல்னு சொல்லிருந்தா நீ போட்டிருப்பியா தாயி?" என்றார் ஜெபக்குமார்.

"ஆத்தாடி! பீரோவுக்குள்ள வச்சுல்லா பூட்டியிருப்பேன்."

சொல்லும்போதே அவள் மோதிரத்தைக் கழற்றிவிட்டாள். சேலை முனையில் வைத்து முடிந்து, முடிச்சின் மேல் முடிச்சு போட்டு, இடுப்பில் செருகி, அதன் மேல் கையை அழுத்திக்கொண்டாள். புருஷன் தந்ததைப் போட்டுக்கொள்ள வந்தவள், இப்போது பஸ்ஸில் யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று வாசலைப் பார்த்தாள்.

தங்கபாய் கையை நீட்டினார்.

"குடு இங்க."

தையல் மெஷினிலிருந்து மஞ்சள் நூலை உருவினார். மோதிரத்தின் அடிப்பக்கத்தில் நெருக்கி நெருக்கிச் சுற்றினார். 916 மறைந்தது. மறைந்த பிறகும் சுற்றினார். பிறகு இருளம்மாளின் விரலில் அதை மாட்டி, கழன்று வருகிறதா என்று இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"கவரிங்குன்னே நெனச்சுக்க" என்றவர், குனிந்து மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.