வெள்ளைப் பூ வந்தால் கல்யாணம்

என் வலது கைக்கு ஏதோ சக்தி இருப்பதாகச் சிறுவயதில் ஒரு வருஷம் முழுக்க நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ என்று பரீட்சையில் வந்த கேள்விகளுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையை அதன் போக்கில் விட்டு டிக் அடித்தேன். விடைத்தாளைத் திருப்பித் தரும்போது வாத்தியார் அதே கையை நீட்டச் சொன்னார்.

இதற்கெல்லாம் காரணம் அத்தையின் கல்யாணம்.

அத்தை செங்கல்பட்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அதே ஆபீசில் இருந்த ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சொல்லிவிட்டார். அவர் எங்கள் சனம் இல்லை. பெரியப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அப்பா தட்டைத் தள்ளவில்லை, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். ஆனால் அன்றோடு அத்தையிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் பெரியப்பாவே, “நீ சொல்றதும் வாணாம், நான் சொல்றதும் வாணாம். பூ கட்டிப் பாத்துரலாம். சாமி சொல்லட்டும்,” என்றார். அத்தையும் தலையாட்டினார்.

எங்கள் வழக்கப்படி இதற்கு உத்திரமேரூரிலிருந்து குன்றுக் கோயிலுக்கு நடந்தே போக வேண்டும், செருப்பில்லாமல். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒரே அளவில் வாழையிலையில் கட்டி முருகன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தை அதில் ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. விவரம் தெரியாத குழந்தை யார் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பூவை யார் கட்டுவது என்பதில்தான் தகராறு. பெரியப்பா கட்டுவதற்கு அத்தை ஒப்பவில்லை. அம்மா கட்டினால் அத்தை பக்கம் சாய்ந்துவிடுவார் என்று பெரியப்பா ஒப்பவில்லை. “தம்பி கட்டட்டும். அவன்தான் அவளுக்கு மூஞ்சியே குடுக்கறதில்லயே,” என்று பெரியப்பாவே முடித்துவைத்தார். அப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டினார்.

விடிந்ததும் கிளம்பினோம். பெரியப்பா முன்னால், பொட்டலங்களோடு அப்பா அடுத்து, என் கையைப் பிடித்தபடி அத்தை கடைசியில். ஏரிக்கரையில் மதகைத் தாண்டவில்லை, எதிரே பால் கேன்களோடு வந்தவர் மொபெட்டை நிறுத்தி, “இன்னா, குடும்பத்தோட எங்க பூட்டுக்கினு கீறீங்க?” என்று கேட்டுவிட்டார். நல்ல காரியத்துக்குப் போகிறவர்களை எங்கே என்று கேட்கவே கூடாது. பெரியப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“கேட்டுட்டான். சகுனம் போச்சி. திரும்புங்க, வூட்டுக்குப் போலாம். சாமி இங்கயே சொல்லிட்டாரு.”

அத்தையின் விரல்கள் என் கையை நசுக்கின. அப்பா மதகுக் கட்டைமேல் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்துவிட்டுப் பெரியப்பாவிடம் நீட்டினார். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தால் புதிதாகக் கிளம்பியதாகக் கணக்கு, பழைய சகுனம் ஒட்டாது. அதுவும் வழக்கம்தான். பெரியப்பா பாட்டிலை முறைத்துப் பார்த்துவிட்டு வாங்கிக் குடித்தார்.

ஏரி முடிந்து நெல் வயல், வரப்பு, பிறகு முள்ளுக்காடு. முள் இல்லாத இடத்திலும் நொண்டிக் காட்டினேன், அத்தை தூக்கிக்கொள்வார் என்று. அவர் கவனிக்கவே இல்லை. “டேய் கண்ணு, நல்லா கும்புட்டுட்டு எடுடா. அவசரப்படாத, இன்னா?” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

குன்றில் படி என்ற பேரில் பாறையைக் கொத்தி வைத்திருக்கிறார்கள். மேலே சின்னக் கோயில். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டுப் பொட்டலங்களைத் தட்டில் குலுக்கி வைத்தார். அவசரப்படாதே என்றதால் நான் அவசரப்படவில்லை. இடது பொட்டலத்துக்குக் கையைக் கொண்டுபோனேன், அத்தை கண்ணை மூடிக்கொண்டார். வலது பக்கம் கொண்டுபோனேன், பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். ஒரே ஒரு கையை வைத்துக்கொண்டு பெரியவர்களை இப்படி ஆட்டிவைக்கலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இன்னொரு சுற்று சுற்றினேன்.

“டேய், படம் காட்டாத. எடு,” என்றார் பெரியப்பா.

எடுத்தேன். பூசாரி நாரை அவிழ்த்தார். நந்தியாவட்டை, வெள்ளை வெளேரென்று.

அத்தை அங்கேயே படியில் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். பெரியப்பா நெடுநேரம் முருகனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து அத்தையின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, “அவரே சொன்னப்பறம் நான் இன்னா சொல்றது. ஆவட்டும்,” என்றார்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பும் வழியில் பெரியப்பாவும் அத்தையும் கரைமேல் பேசிக்கொண்டே முன்னால் போக, அப்பா மட்டும் ஏரிக்குள் இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன். தண்ணீரில் விழுந்ததும் நார் நெகிழ்ந்து இலை விரிந்தது. பூக்கள் மிதந்தன. அத்தனையும் நந்தியாவட்டை. அப்பா அவற்றைக் கையால் அமுக்கிப் பார்த்தார். பூ எங்கே அமுங்கும்?

அப்பாவுக்கு மறதி அதிகம் என்று அம்மா சொல்வதுண்டு. இந்த அளவுக்கு முற்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“ப்பா, செவப்பு வெக்க மறந்துட்டியே,” என்று உரக்கவே சொன்னேன். “வா, திரும்பிப் போலாம். நான் மறுபடியும் எடுக்கறேன். செவப்பு வெச்சாலும் என் கை வெள்ளையத்தான் எடுக்கும்.”

கரைமேல் பெரியப்பா நின்றார். “இன்னாடா சொல்றான் உம்புள்ள?”

“பசிக்குதாம்ண்ணா,” என்றார் அப்பா.

எனக்குப் பசிக்கவில்லை. நான் சொன்னது அப்பாவின் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் உரக்கச் சொல்வதற்காக மூச்சை இழுத்தேன்.

“வாய மூடிக்கினு நட,” என்றார்.